பழைய இலை பழகாது

செடி வாங்க வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நேராகப் போய் நிற்பது நிழல்வலைக்கு உள்ளே, மூன்றாவது பாத்தியில். அங்கே புங்கன் கன்றுகள் கரும்பச்சையாக, அகலமான இலையோடு, எண்ணெய் தடவியதுபோல மினுங்கிக்கொண்டிருக்கும். "இதுல முப்பது குடுங்க" என்பார்கள். வேலியோரம் வெட்டவெளியில் அதே வயதுக் கன்றுகள் வேறு மாதிரி இருக்கும். இலை சிறுத்து, பச்சை சற்று வெளிறி, தண்டு மட்டும் தடித்திருக்கும். அதைக் காட்டினால் முகம் சுளிப்பார்கள்.

போன மாதம் அவலூர்ப்பேட்டை பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கரம்பு நிலத்தில் வரப்போரம் நட முப்பது கன்று வேண்டுமாம். வேலியோரக் கன்றுகளைக் காட்டினேன். "இன்னாப்பா, சோகை புடிச்சத எந்தலையில கட்டப் பாக்கற?" என்றார். அவர்மேல் தப்பில்லை. இந்தத் தொழிலுக்கு வந்து முதல் நான்கு வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் பண்ணை செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் ராஜகிரி முழுதாகத் தெரியும். எண்ணூறு அடி உயரத்துக்கு உருண்டைக் கற்களை யாரோ கொட்டிவிட்டுப் போனதுபோல ஒரு மலை. சாலைக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, தெற்கே சந்திரகிரி. ஊர் இந்த மூன்று கல் குவியல்களை ஒட்டிக் கிடக்கிறது. அதனால் செஞ்சியில் வெயில் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை, பக்கத்திலிருந்தும் வரும். பகலெல்லாம் குடித்த சூட்டைக் கல் ராத்திரியில் கக்கும். கத்திரி நாட்களில் இரவு பத்து மணிக்குப் பாறையில் கை வைத்தால் அடுப்பு அணைத்த அம்மியைத் தொட்டதுபோல இருக்கும். இந்த ஊரில் நாற்று விடுகிறவன் வெளிச்சம், சூடு இரண்டையும் தனித்தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை முதல் தடவை அறுநூறு கன்றின் வியாபாரம்.

அப்போது பண்ணை ஆரம்பித்து ஐந்தாவது வருடம். ஒரு இடத்தில் மகிழமும் நாவலும் புங்கனுமாக அறுநூறு கன்று கேட்டிருந்தார்கள். எழுபத்தைந்து சதவீத நிழல்வலைக்குக் கீழே எட்டு மாதம் வளர்த்தேன். வலைக்குள் நுழைந்தால் கண்ணுக்கே குளிர்ச்சியாக இருக்கும். மே முதல் வாரம் லாரி வருவதாகப் பேச்சு. ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று இரண்டு நாள் முன்னதாகவே பாக்கெட்டுகளை எல்லாம் வெளியே எடுத்து, வாசலோரம் வரிசையாக அடுக்கிவிட்டேன். வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றினேன். வேர் ஈரமாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டாம் நாள் சாயங்காலம் மேலிலைகள் வெளுத்திருந்தன. வாடல் இல்லை, வெளுப்பு. சுண்ணாம்பு பட்ட வெற்றிலை மாதிரி. மறுநாள் அந்த வெள்ளை பழுப்பாகி, காகிதம்போல நொறுங்கியது. லாரி வந்தது, பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

அப்போது என்னிடம் வேலை பார்த்த ஒரு மூதாட்டி இருந்தார். பண்ணையில் எல்லோருக்கும் ஆயா. பூவாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கன்றைத் தூக்கிப் பார்த்தார். "தொட்டில்ல இருந்த புள்ளய கல்லு ஒடைக்க அனுப்பிட்டியேடா" என்றார். பிறகு, "தூக்கிப் போடாத. நெழலுக்குக் கொண்டு போ. இந்த எல போயிரும். வேற எல வரும். அது இருக்கும்" என்றார். முக்கால்வாசிக் கன்று அப்படியே பிழைத்தது. ஒரு மாதத்தில் வந்த புது இலைகள் சின்னதாக, தடியாக, தொட்டால் தோல்போல இருந்தன. நான் வெறுத்த அந்தச் சோகை இலைகள்தான்.

ஆயா சொன்னதன் உட்பொருள் எனக்குப் புரிய இன்னும் சில வருடம் ஆனது. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒருவர் வாரம் ஒருமுறை வருவார். ரோஜா வாங்குகிற சாக்கில் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவார். அவர்தான் ஒரு நிழல் இலையையும் ஒரு வெயில் இலையையும் பிளேடால் மெலிதாகச் சீவி, தன் பழைய நுண்ணோக்கியில் காட்டினார். வெயில் இலையில் மேல்தோலுக்குக் கீழே கம்பம்போல நெடுக நிற்கிற செல்கள் இரண்டு அடுக்கு. நிழல் இலையில் ஒரே அடுக்கு, அதுவும் குட்டை. நிழல் இலை அகலமாக இருப்பது கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தை விரித்துப் பிடிக்க. கரும்பச்சையாக இருப்பது அதே காரணத்துக்காகப் பச்சையத்தை நெருக்கி அடைத்து வைத்திருப்பதால். "கொழுப்புன்னு நெனைக்கிறீங்க. அது பசி" என்றார் சார். அன்றிலிருந்து மூன்றாவது பாத்தியை நான் வேறு கண்ணால் பார்க்கிறேன்.

பசித்தவனுக்கு ஒரே நேரத்தில் பத்து இலை விருந்து போட்டால் என்ன ஆகுமோ அதுதான் அந்த அறுநூறு கன்றுகளுக்கும் ஆனது. முழு வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வரும். நெல், புங்கன் போன்றவற்றின் ஒரு தனி இலையால் அதில் பாதியைக்கூட உணவாக்க முடியாது. நிழலில் விரிந்த இலை இன்னும் சீக்கிரமே "போதும்" என்றுவிடும். அதற்கு மேல் விழும் வெளிச்சத்தை எங்காவது கொட்ட வேண்டும். வெயில் இலை அதைச் சூடாக மாற்றிக் கழிக்கும். பச்சையத் துகள்கள் செல்லின் பக்கச் சுவரோரம் ஒதுங்கி ஒன்றன்பின் ஒன்றாக ஒளிந்துகொள்ளும். நிழல் இலைக்கு அந்த வடிகால் போதாது. தேங்கிய ஒளி, ஒளியை வாங்குகிற உறுப்பையே சிதைக்கும், பச்சையத்தை வெளுக்கும். நான் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்த்தது வேறு வியாதிக்கு வைத்தியம்.

ஒருமுறை விரிந்து முற்றிய இலை, தன் அடுக்கை மாற்றிக் கட்டிக்கொள்ளாது. கொஞ்சம் ரசாயனச் சரிக்கட்டல் செய்யும், அவ்வளவுதான். செடி வெயிலுக்குப் பழகுகிறது என்று நாம் சொல்வது உண்மையில் பழைய இலையை விட்டுவிட்டு வேறு இலை கட்டுவதுதான். ஆகவே எத்தனை நாளில் பழகும் என்று என்னிடம் கேட்டால் நாள் சொல்ல மாட்டேன். இலைக் கணக்கு சொல்வேன். எழுபத்தைந்து சதவீத வலையிலிருந்து ஐம்பதுக்கு மாற்றி ஒரு ஜோடி புது இலை விரிந்து முற்ற வேண்டும். பிறகு காலை வெயில் மட்டும் படுகிற கிழக்கு ஓரத்தில் இன்னொரு ஜோடி. அதற்குப் பிறகுதான் வெட்டவெளி. புங்கனுக்கு இது ஐந்தாறு வாரத்தில் முடியும். மகிழம் இழுத்தடிக்கும். தளிர் வருகிறபோது செம்பு நிறமாக வந்தால் எனக்குச் சந்தோஷம். மாந்தளிரில் எல்லோரும் பார்க்கிற சிவப்புதான் அது. உள்ளே எந்திரம் பொருத்தி முடிகிறவரை இளம் இலை பிடித்துக்கொள்கிற குடை என்று சார் சொல்வார்.

இரண்டாவது அடி வேறு திசையிலிருந்து வந்தது. திசை என்றால் நிஜமாகவே திசை. தை மாதம் புதிதாக ஒரு வலைப்பந்தல் போட்டேன். சவுக்குக் கம்பு நட்டு, ஏழடி உயரத்தில் மேல்வலை கட்டினேன். அப்போது உச்சி வெயில் தெற்கே சாய்ந்து வரும். அதனால் தெற்குப் பக்கம் மட்டும் தொங்குவலை விட்டேன். வடக்கே திறந்திருந்தால் காற்று வரும் என்று எண்ணம். வைகாசியில் வடக்கு ஓரத்து இரண்டு வரிசைக் கனகாம்பர நாற்று கருகியது. ஒவ்வொரு மருந்தாக அடித்துப் பார்த்தேன். ஒருநாள் மதியம் பந்தல் கம்பின் நிழலைப் பார்த்தபோதுதான் உறைத்தது. நிழல் தெற்கே விழுந்திருந்தது! செஞ்சி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டேகால் டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் 22 வாக்கில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. பிறகு வடக்கே போய்விடும். ஆகஸ்ட் 20 வாக்கில்தான் திரும்பி வரும். இந்த நான்கு மாதமும் உச்சி வெயில் நமக்கு வடக்கிலிருந்து. ஜூனில் ஏழடிப் பந்தலுக்குள் நடுப்பகலிலேயே கிட்டத்தட்ட ஒரு முழம் உள்ளே வரும், காலையும் மாலையும் இன்னும் ஆழமாக. நம் ஊரில் வெயில் எப்போதும் தெற்கே என்று யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. நானே வைத்துக்கொண்டது.

சூட்டுக் கணக்கு இதைவிடச் சிக்கல். அதைச் சொல்லக் குமிழியிலிருந்து தொடங்க வேண்டும். சின்ன வயதில் செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கிற குளங்களில் வேலம்பாசி கிடக்கும். வெயில் ஏற ஏற அதிலிருந்து மணி மணியாகக் குமிழி கிளம்பும். ஒரு மேகம் மறைத்தால் நின்றுவிடும். மீன் மூச்சு விடுகிறது என்று நினைத்துத் தூண்டில் போட்டிருக்கிறோம். உண்மையில் அது பாசியின் ஒளிச்சேர்க்கை. ஜகதீஷ் சந்திர போஸ் இதே வேலம்பாசியை வைத்துத்தான் குமிழியைத் தானாகவே எண்ணிப் பதிகிற கருவி செய்தார், 1924ல் ஒளிச்சேர்க்கையைப் பற்றித் தனி நூலே எழுதினார் என்று சார் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதற்கும் முன்னால், 1905ல், பிளாக்மன் என்ற இங்கிலாந்துக்காரர் ஒரு விஷயத்தைப் பிரித்துக் காட்டிவிட்டார். வெளிச்சம் குறைவாக இருக்கும்போது சூட்டைக் கூட்டினால் ஒளிச்சேர்க்கை கூடாது. வெளிச்சம் தாராளமாக இருக்கும்போதுதான் சூடு கணக்கில் வரும். எது பற்றாக்குறையோ அதுதான் கடிவாளம்.

நாற்றங்காலில் இதற்கு நேரடி அர்த்தம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வானம் பத்து நாள் மூடிக் கிடக்கும். அப்போது வலைக்குள் கதகதப்பாக இருந்தால் நல்லதுதானே என்று பாலிதீன் போட்டு மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் ஏறினால் வரவு கூடாது, செலவுதான் கூடும். செடியும் நம்மைப்போல மூச்சு விடுகிறது. பத்து டிகிரி சூடு ஏறினால் அந்த மூச்சு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். நாற்று வெளிறி, நெடுநெடுவென்று போய், அடியில் அழுகிச் சாயும். மழைக்காலத்தில் மேல்வலையைக் கழற்றுவது என் பழக்கம். அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள்.

வெயில் காலத்தில் சூடு வேறு வழிகளிலும் கொல்லும். நான் பட்டறிந்த இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, வெயிலில் கிடந்த ஓஸ் பைப்பில் நிற்கிற முதல் தண்ணீர். அது டீக்கடைத் தண்ணீர். அதை வாய்க்காலில் விட்டுவிட்டு, கைபொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகே பாத்திக்குத் திருப்ப வேண்டும். இரண்டு, கருப்பு பாக்கெட். மேற்கு ஓர வரிசையில் பிற்பகல் வெயில் பக்கவாட்டில் பட்டு, பாக்கெட்டின் ஒரு பக்கத்து வேர் வெந்துபோகும். மேலே இலை நன்றாகத்தான் இருக்கும். நட்ட பிறகு ஒருபக்கமாகச் சாய்கிற கன்றைத் தோண்டிப் பார்த்தால் தெரியும். அதனால் ஓர வரிசைக்கு மண் அணைத்து விடுகிறோம், அல்லது குழிப்பாத்தியில் இறக்குகிறோம்.

நெல்காரர்களிடமும் இந்தச் சூட்டுப் பேச்சு உண்டு. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டையோடு வருகிறவர்கள் போகிற வழியில் என் பண்ணையில் தண்ணீர் குடிக்க நிற்பார்கள். "பகல் வெயிலு பழகினதுதாண்ணே. ராத்திரிதான் இப்பெல்லாம் ஆறவே மாட்டேங்குது, மணி பதரா போவுது" என்று ஒருவர் சொன்னார். கேட்டபோது புலம்பல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் 1992 முதல் 2003 வரை எடுத்த விளைச்சலைக் கணக்கிட்டு, 2004ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் மகசூல் 10 சதவீதம் குறைகிறது. பகல் வெப்பத்தோடு அப்படித் தெளிவான தொடர்பு தென்படவில்லை. அவர் புலம்பவில்லை.

பகல் சூடு நெல்லைத் தொடாது என்று இதற்கு அர்த்தமில்லை. பூக்கிற நேரத்தில் முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெடும். இலைக்குள் வேறொரு சிக்கலும் நடக்கிறது. காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கிற ரூபிஸ்கோ என்ற நொதிக்குக் கொஞ்சம் பார்வை மங்கல். சில சமயம் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். பிடித்தால் செய்த உணவில் ஒரு பகுதி வீண். சூடு ஏற ஏற இந்தத் தவறும் கூடும். நெல், மணிலாக்கொட்டை, புங்கன், மல்லி எல்லாம் இந்தத் தொந்தரவோடு வாழ்கிறவை. கம்பு, சோளம், கேழ்வரகு, கரும்பு அப்படியல்ல. கரியமில வாயுவை முதலில் வேறொரு நொதியால் பிடித்து, உள்ளறைக்குக் கொண்டுபோய்க் குவித்து, அங்கே ரூபிஸ்கோவிடம் கொடுக்கும். 1960களில் ஹவாயில் கரும்பு ஆராய்ச்சிக்காரர்களும், ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவரும் இதைக் கண்டார்கள். செஞ்சி வெயிலில் மணிலா வயல் உச்சிவேளையில் துவண்டு நிற்க, பக்கத்துக் கம்பு நிமிர்ந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் அந்தக் காலத்தில் எதை விதைத்தார்கள் என்று பார்த்தால், இலைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு விதைத்ததுபோல இருக்கும்.

ஆனால் கல்மேல் வாழ்கிறவைதான் எனக்குப் பிடித்தவை. ராஜகிரிப் படியேறும்போது பார்த்திருப்பீர்கள். ஒரு கைப்பிடி மண் இருக்கிற வெடிப்பில் சதுரக்கள்ளி, பிரண்டை, கள்ளிமுளையான். கத்திரியில் அந்தப் பாறையில் செருப்பில்லாமல் நிற்க முடியாது, அவை நிற்கின்றன. பகலில் இலைத்துளையைத் திறந்தால் இருக்கிற ஈரமும் போய்விடும். அதனால் ராத்திரியில் திறக்கும். இருட்டில் கரியமில வாயுவை வாங்கி, புளிப்பு அமிலமாக மாற்றிச் சேமித்துக்கொள்ளும். விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே இருக்கிற அமிலத்தை உடைத்து, வெயிலை வைத்து உணவாக்கும். வெளிச்சத்துக்கு ஒரு நேரம், மூச்சுக்கு ஒரு நேரம் என்று வேலையைப் பிரித்துக்கொண்டவை.

ஆயாவுக்கு இதுவும் தெரிந்திருந்தது, வேறு பெயரில். வேலியோரம் தானாக முளைக்கிற பருப்புக்கீரையை வெயில் காலத்தில் விடிகாலை பறித்தால், "இன்னிக்குப் புளி கொறச்சுப் போடு" என்று மருமகளிடம் சொல்லி அனுப்புவார். சாயங்காலம் பறித்தால் அப்படிச் சொல்ல மாட்டார். உணவாக்குகிற முறையில் பருப்புக்கீரை கம்பு ஜாதி. ஆனால் தண்ணீர் தட்டினால் கள்ளியின் வழிக்கும் போகும். அப்போது ராத்திரி சேர்ந்த புளிப்பு காலையில் இலையில் இருக்கும், பொழுது சாய்வதற்குள் தீர்ந்துவிடும். இலையின் புளிப்பு இப்படிப் பொழுதோடு மாறுவதை நாக்கில் வைத்துப் பார்த்து எழுதியவர் பெஞ்சமின் ஹைன். தரங்கம்பாடிக்கு மொரேவிய சபையின் ஊழியராக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியல் வேலை பார்த்தவர். இந்தியத் தோட்டத்தில் வளர்ந்த ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சப்பென்றிருக்கிறது, மாலையில் கசக்கிறது என்று 1813ல் எழுதிய கடிதத்தை லண்டன் லின்னேயன் கழகம் அச்சிட்டது. இன்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயத்துக்கு ஆரம்பம் அந்தக் கடி. பள்ளிப் பிள்ளைகள் பண்ணைக்கு வந்தால் காலையில் ஒரு துண்டு ரணகள்ளி இலையைக் கடித்துத் துப்பச் சொல்வேன். விழுங்க விடமாட்டேன், அது வயிற்றுக்கு ஆகாது. மறுபடி மாலையில் வந்து கடிக்கச் சொன்னால் யாரும் வருவதில்லை. அதுதான் இந்தச் சோதனையில் இருக்கிற ஒரே கஷ்டம்.

2025ல் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு, மரம் நடுகிற ஆசையோடு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். எல்லோரும் ஜூன் ஐந்தாம் தேதி நட வேண்டும் என்கிறார்கள். சுற்றுச்சூழல் தினமாம். எங்கள் ஊரில் அன்றைக்கு வெயில் வடக்கிலிருந்து அடிக்கும், கல் ஆறியிருக்காது, வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கும். புகைப்படத்துக்கு நல்ல நாள். "புரட்டாசி கடைசியில வாங்க" என்று சொல்லிப் பார்ப்பேன். நாள் மட்டுமல்ல, எதை முதலில் நடுவது என்பதும் முக்கியம். அறுபது கிலோமீட்டர் தள்ளி ஆரோவில்லில் 1968க்குப் பிறகு செம்மண் பொட்டலைக் காடாக்கியவர்கள், அகேசியா போன்ற வெயில் தாங்கும் மரங்களை முதலில் வளர்த்து, அந்த நிழலில்தான் நம் நாட்டுக் காட்டு மரங்களை வைத்தார்கள். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை முன்னால் விதைப்பதும் அதே கணக்குதான். நிழல் வேண்டிய செடிக்கு முதலில் நிழலை நட வேண்டும்.

அவலூர்ப்பேட்டைப் பெரியவர் அன்றைக்கு அரை மணி நேரம் பேரம் பேசினார். இரண்டு இலையையும் பறித்துக் கையில் கொடுத்து மடக்கிப் பார்க்கச் சொன்னேன். நிழல் இலை துணிபோல மடங்கியது. வேலியோர இலை 'டப்' என்று ஒடிந்தது. கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றி மடக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் வெளிறிய கன்று இருபத்தைந்து எடுத்துக்கொண்டார். "அந்தப் பச்சையில ஒரு அஞ்சாவது குடுப்பா, வூட்ல வைய மாட்டாங்க" என்றார். எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். கிணற்றடியில், மாமரத்துக்குக் கீழே என்றார். ஐந்தையும் எடுத்து டாட்டா ஏஸில் ஏற்றி, மேலே ஈரச்சாக்கைப் போட்டு மூடி அனுப்பினேன்.